எல்4லினக்ஸ் ஃபியாஸ்கோ மேல் பூட் ஆகாமல் நிற்கிறது, ரூட் கோப்பு முறைமையை மவுண்ட் செய்ய முடியவில்லை என்று பேனிக் வருகிறது. ஏன்?

இந்தப் பேனிக் (மீள முடியாத பிழையால் கெர்னல் நின்றுபோவது) வந்தாலே பாதிக் கிணறு தாண்டியாச்சு. டிரெஸ்டன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் உருவான எல்4லினக்ஸ் என்ற லினக்ஸ் வடிவம், ஃபியாஸ்கோ என்ற மைக்ரோகெர்னலின் (மிகச் சிறிய இயங்குதளக் கருவின்) மேல் ஒரு சாதாரண பயனர் நிரலாகவே ஓடுகிறது. மைக்ரோகெர்னலும், அதன் மேல் நிரல்கள் ஓடுவதற்கான சூழலான எல்4ஆர்இ-யும் சரியாக எழாவிட்டால் லினக்ஸின் பேனிக் செய்தியே திரைக்கு வராது. ஆக, கோளாறு பெரும்பாலும் ரேம்டிஸ்க்கில்தான், அதாவது ரூட் கோப்பு முறைமையோடு நினைவகத்தில் ஏற்றப்படும் வட்டு இமேஜில்தான்.

முதலில், பூட்டின்போது ஏற்ற வேண்டிய கோப்புகளைச் சொல்லும் மாட்யூல் பட்டியல் கோப்பைத் திறந்து பாருங்கள். ரேம்டிஸ்க் கோப்பின் பெயர் அதில் இல்லாவிட்டால், எல்4லினக்ஸைத் தொடங்கும் லுவா ஸ்கிரிப்டில் பாதையை எவ்வளவு சரியாக எழுதினாலும் லினக்ஸுக்கு அது கிடைக்காது. பலர் தடுக்கி விழும் இடம் இதுவே.

பட்டியலில் பெயர் இருக்கிறதா? சரி, அப்புறம் லினக்ஸுக்குக் கொடுக்கும் கட்டளை வரியில் ரூட் சாதனம் 1:0 என்று இருக்க வேண்டும். முதல் ரேம்டிஸ்க்கின் எண் அது. ரேம்டிஸ்க் அளவு கிலோபைட்டில் கணக்காகும். 4000 என்று கொடுத்துவிட்டு 6 எம்பி இமேஜை ஏற்றினால், இமேஜ் மிகப் பெரிது என்ற வரி பேனிக்குக்குச் சற்று மேலேயே இருக்கும். கடைசி வரியோடு நிறுத்தாமல் லாகை மேலே நகர்த்திப் படியுங்கள்.

பேனிக்கே வராமல் திரை மௌனமாக இருந்தால் அதே கட்டளை வரியில், செய்திகள் எங்கே வர வேண்டும் என்று சொல்லும் கன்சோல் அளவுருவைச் சரிபாருங்கள்.