பட்டத்தை மறைக்க வேண்டாம்

வணக்கம் அக்கா,

கல்வியியலில் கலாநிதிப் பட்டம் முடித்து ஒன்றரை வருடமாகிறது. கொழும்பில் மணித்தியாலக் கணக்கில் வருகை விரிவுரை எடுக்கிறேன். நிரந்தர இடம் எப்போது வரும் என்று தெரியாது. கம்பனிகளின் பயிற்சிப் பிரிவுகளுக்கு விண்ணப்பித்தேன், பதிலே இல்லை. ‘படிப்பு கூடிப்போச்சு, பட்டத்தை எடுத்துப்போட்டு அனுப்பு’ என்கிறாள் தோழி. அம்மாவோ, ‘இவ்வளவு படிச்சது கம்பனிக்குப் போகவா?’ என்று அழுகிறார். என்ன செய்வது? சி.வி.யை இணைத்திருக்கிறேன்.

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

பட்டத்தை எடுக்காதீர்கள். எடுத்தால் ஆறு வருடம் சும்மா இருந்தவர் போலத் தெரிவீர்கள்.

உங்கள் சி.வி.யின் முதல் பக்கத்தில் ஆய்வுத் தலைப்பே மூன்று வரி. பிறகு கோட்பாடு, மாநாடுகள். நீங்கள் உண்மையில் செய்த வேலை நாலாம் பக்கத்தில் ஒற்றை வரியாகக் கிடக்கிறது: ‘பயிற்சி பெற்ற ஆசிரியர்களின் வகுப்பறை அவதானம், கொட்டாஞ்சேனை’.

நானும் பல்கலைக்கழகத்தை விட்டு வந்தவள்தான். கோட்டையில் முதல் நேர்முகப் பரீட்சைக்கு ஆய்வேட்டைத் துணிப்பையில் சுமந்துகொண்டு போனேன். மேசையில் வைத்தேன், யாரும் திறக்கவில்லை. ‘எங்கள் கிளைக்காரருக்கு இரண்டு நாள் பயிற்சி கொடுக்கிறோம். திங்கட்கிழமை பழையபடிதான் வேலை செய்கிறார்கள். ஏன்?’ என்று கேட்டார்கள். பயிற்சி முடித்த ஆசிரியர் ஏன் பழைய முறைக்கே திரும்புகிறார் என்பதுதான் என் ஆய்வே. இரண்டும் ஒரே கேள்வி என்று அந்த நேரம் எனக்குப் பிடிபடவில்லை. கோட்பாட்டை விளக்கத் தொடங்கினேன். அந்த வேலை கிடைக்கவில்லை.

கம்பனிப் பயிற்சிக்காரர்கள் அடிக்கடி சொல்லும் நான்கு படிகள் உண்டு: பயிற்சி பிடித்ததா, கற்றார்களா, வேலையில் நடத்தை மாறியதா, நிறுவனத்துக்குப் பலன் வந்ததா. அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் கேர்க்பற்றிக் 1959-60இல் எழுதிய கட்டுரைகளில் வந்தவை. அவற்றுக்கு வித்து, 1954இல் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் அவர் முடித்த கலாநிதி ஆய்வு! பல இடங்களில் பயிற்சி முடிவில் ஒரு படிவத்தை நிரப்பி வாங்குவதோடு சரி, முதல் படியைத் தாண்டுவதில்லை. ஐந்து நிமிடத்துக்கொரு முறை, ஆசிரியர் கேள்வி கேட்டாரா, எந்தப் பிள்ளை கை உயர்த்தியது என்று கொட்டாஞ்சேனை வகுப்பின் கடைசி வாங்கில் இருந்து கோடு போட்டீர்களே, அது மூன்றாம் படி. அளக்கக் கடினமான இடம். முதல் பக்கத்தில் அதை எழுதுங்கள். எத்தனை வகுப்பு, எத்தனை மாதம், என்ன மாறியது, எது மாறவில்லை.

கூடவே ஒரு மாதிரி வேலையும் கொண்டுபோங்கள். ஆடைத் தொழிற்சாலைக்குப் புதிதாக வரும் பிள்ளையின் முதல் வாரத்துக்கு ஒரு பயிற்சித் திட்டம், இரண்டு பக்கம் போதும். தமிழிலும் சிங்களத்திலும் எழுதுங்கள். இரண்டு மொழியிலும் பயிற்சி எழுதத் தெரிந்தவருக்குக் கொழும்பில் மதிப்புண்டு.

அம்மாவின் கவலை எனக்கு விளங்குகிறது. இலவசக் கல்வியில் படித்த பிள்ளை ஊருக்குப் படிப்பிக்க வேண்டும் என்று நினைக்கிறார், அது நல்ல மனம். சாதாரண தரத்தோடு படிப்பை விட்டுத் தையல் இயந்திரத்துக்கு முன்னால் வந்து உட்காரும் பிள்ளைக்கும் ஒரு ஆசிரியர் தேவை என்று அவரிடம் சொல்லுங்கள். நான் அதை முழு மனதோடு நம்புகிறேன்.

திருத்திய சி.வி.யை வேறெங்கும் அனுப்புமுன் எனக்கு ஒருமுறை அனுப்புங்கள். முதல் பக்கம் மட்டும் போதும்.

அன்புடன்,
அக்கா