குளிர்காலக் கார்ப் பயணம்: ஊரை அப்புறம் தேடுங்கள், முதலில் வெளிச்சத்தைப் பாருங்கள்

கேள்வி: குளிர்கால விடுமுறையில் மூன்று பகல், இரண்டு இரவு காரில் எங்காவது போய்வர ஆசை. நாங்கள் இருவர், ஆறு வயது மகள், மூட்டுவலி உள்ள என் மாமியார். கணவர் மட்டும்தான் வண்டி ஓட்டுவார். 300 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். அவருக்கு மலை வேண்டும், எனக்குக் கடற்கரை. அத்தைக்குக் குளிரே ஆகாது. எப்படி முடிவு செய்வது? வண்டியில் என்னென்ன கவனிக்க வேண்டும்?

பதில்: நீங்கள் இருக்கும் ஊரை எழுதவில்லை. பரவாயில்லை, இந்தக் கணக்கு எந்த ஊருக்கும் ஒன்றுதான். குளிர்காலப் பயணம் என்றதும் பலரும் "எந்த ஊர்?" என்றுதான் தொடங்குகிறார்கள். நான் முதலில் கேட்பது, பகல் வெளிச்சம் எத்தனை மணி நேரம் இருக்கும் என்று.

வடகோளத்தில் டிசம்பர் 21 அல்லது 22தான் ஆண்டின் மிகக் குறுகிய பகல். (தென்கோளத்தில் இருந்தால் இதை ஜூனுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.) அன்று நிலநடுக்கோட்டுக்கு அருகே சுமார் 12 மணி நேரப் பகல் கிடைக்கும். 30 டிகிரி அட்சரேகையில் அது பத்தேகால் மணி நேரம், 45 டிகிரியில் ஒன்பதுக்கும் குறைவு. லண்டனில் எட்டு மணி நேரம்கூடத் தேறாது. இதில் காலை மூடுபனி கலையக் காத்திருக்கும் நேரத்தையும், சாப்பாட்டையும், "அம்மா, பாத்ரூம்" நிறுத்தங்களையும் கழியுங்கள். இருட்டுவதற்கு ஒரு மணி நேரம் முன்பாவது தங்குமிடம் சேர வேண்டும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே ஆள் ஓட்டும் வண்டிக்கு மிச்சமிருப்பது நான்கு மணி நேரம், மிஞ்சினால் ஐந்து.

ஆகவே வரைபடத்தில் 300 கிலோமீட்டர் வட்டம் போடாதீர்கள், நான்கு மணி நேர வட்டம் போடுங்கள். சமவெளி நெடுஞ்சாலையில் அந்த நேரத்தில் 250 கிலோமீட்டர் தாண்டலாம். கொண்டை ஊசி வளைவுகளும் பனிமூட்டமும் உள்ள மலைச்சாலையில் 120 போனாலே பெரிய விஷயம். வட்டம் சுருங்குவதைப் பார்த்து ஏமாற்றமாக இருக்கும். ஆனால் அதற்குள்ளேயே நீங்கள் போகாத இடங்கள் நிறைய இருக்கும்.

தேதி உங்கள் கையில் இருந்தால் டிசம்பரைவிட ஜனவரி நடுப்பகுதி உங்களுக்கு வசதி. மிகக் குறுகிய பகல் அன்றுதான் சூரியன் சீக்கிரம் மறையும் என்று நினைக்கிறோம். உண்மையில், மிக முன்கூட்டிய அஸ்தமனம் அதற்குச் சில நாட்கள் முதல் சில வாரங்கள் முன்பே வந்துபோய்விடும். மிகத் தாமதமான உதயம் அதற்குப் பிறகு வரும். ஆகவே ஜனவரி நடுவில் காலைகள் இன்னும் சோம்பலாகவே விடிந்தாலும், மாலையில் இருபது முப்பது நிமிடம் கூடுதலாகக் கிடைத்திருக்கும். குழந்தையைக் கிளப்பி வண்டியில் ஏற்றும் குடும்பம் எப்படியும் காலையில் சீக்கிரம் புறப்படப் போவதில்லை. மாலை வெளிச்சம்தான் உங்களுக்குப் பயன்படும்.

சரி, மலையா கடலா என்ற வழக்குக்கு வருவோம்.

உயரம் 1000 மீட்டர் கூடினால் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி குறையும். அடிவாரத்தில் 22 டிகிரி என்றால் 1500 மீட்டரில் ஏறக்குறைய 12. பகலில் வெயில் இருக்கும்வரை அது சுகமான குளிர்தான். அத்தையின் மூட்டைப் பிடிப்பது இரவுக் குளிர். மலையைப் பார்க்கப் போனால் மலைமேல்தான் தூங்க வேண்டும் என்று யார் சொன்னது? அடிவாரத்திலோ பாதி உயரத்திலோ இரண்டு இரவும் தங்குங்கள். நடு நாளில் காலை பத்து மணிக்கு மேலே ஏறி, மூன்று மணிக்கு இறங்கிவிடுங்கள். உங்கள் கணவருக்கு மலை கிடைக்கும், அத்தைக்குத் தூக்கம் கிடைக்கும். மேலே ஏறுவது 2500 மீட்டருக்கும் அதிகம் என்றால் தலைவலி, குமட்டல் வரக்கூடும் என்பதற்காகவும் இரவில் கீழே வந்துவிடுவது நல்லது.

அடிவாரம் என்றேன், பள்ளத்தாக்கின் அடித்தளம் என்று சொல்லவில்லை. இந்த வித்தியாசத்தை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். பல வருடங்களுக்கு முன் ஆற்றோரம் ஒரு விடுதியைப் படத்தைப் பார்த்து மயங்கிப் பதிவு செய்தேன். காலையில் வண்டியின் முன்கண்ணாடி முழுக்க உறைபனி. அதைச் சுரண்டி முடிப்பதற்குள் விரல் மரத்துவிட்டது. அதே சரிவில் நூறு, நூற்றைம்பது மீட்டர் மேலே இருந்த குடியிருப்பில் ஒரு புல் நுனிகூட வெளுக்கவில்லை! காற்றில்லாத தெளிந்த இரவில், குளிர்ந்து கனத்த காற்று தண்ணீரைப் போலவே சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். அதனால் பள்ளத்தாக்கின் தரையைவிட அதன் நடுச்சரிவு இரவில் வெதுவெதுப்பாக இருக்கும். பழத்தோட்டம் வைப்பவர்கள் சரிவைத் தேடிப் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பள்ளத்தில் இன்னொரு தொல்லை, வெயில் தாமதமாக வந்து சீக்கிரம் போய்விடும். நார்வேயில் ரியூக்கான் என்ற ஊருக்கு இலையுதிர் காலத்திலிருந்து மார்ச் வரை மலை மறைப்பால் நேர் வெயிலே விழாது. 2013இல் மலைமேல் பெரிய கண்ணாடிகளை நிறுத்தி ஊர்ச் சதுக்கத்துக்கு வெயிலைத் திருப்பிவிட்டார்கள். நீங்கள் அவ்வளவு தூரம் போக வேண்டாம், அறை எந்தத் திசை பார்த்தது என்று கேட்டால் போதும். வடகோளத்தில் குளிர்காலச் சூரியன் தெற்கே சாய்ந்து போகும். தெற்கு ஜன்னல் உள்ள அறைக்கு நாள் முழுக்க வெயில் வரும்.

இனி உங்கள் கடற்கரை. கடல் மெதுவாகச் சூடேறி மெதுவாகவே ஆறும் என்பதால், அதே அட்சரேகையில் உள்நாட்டில் இருக்கும் ஊரைவிடக் கரையோரத்தில் இரவுக் குளிர் குறைவு. குளிர் ஆகாதவருக்கு மலையைவிடக் கடல் பாதுகாப்பான தேர்வு. குளிக்கலாம் என்று மட்டும் எண்ணிப் போகாதீர்கள், நடக்கவும் வேடிக்கை பார்க்கவும் போங்கள். காற்று எலும்பைத் துளைக்கும் நாட்களும் உண்டு, காது மூடும் குல்லாய் அவசியம்.

மலையும் கடலும் தவிர மூன்றாவதாக ஒன்றை நான் சிபாரிசு செய்வேன்: ஏரி, உப்பங்கழி, சதுப்பு நிலம். குளிர்காலத்துக்கே உரிய காட்சி இதுதான், ஏனோ பலரும் பட்டியலிலேயே சேர்ப்பதில்லை. வடக்கே நீர்நிலைகள் உறைந்ததும் வாத்துகளும் கரைப்பறவைகளும் கூட்டம் கூட்டமாகத் தெற்கே இறங்குகின்றன. வரித்தலை வாத்து இமயமலையையே தாண்டி வருகிறது. ஆறு வயதுக் குழந்தைக்கு, மேகம் மூடிய ஒரு வியூ பாயிண்டைவிட, சாயங்காலம் ஆயிரம் பறவைகள் ஒரே நேரத்தில் இறங்குவது மனதில் நிற்கும். அத்தை நடக்கவும் வேண்டாம். நடந்து வரும் மனிதரைக் கண்டு பறக்கும் பறவைகள், நின்றிருக்கும் காருக்கு அவ்வளவாக மிரளாது. எஞ்சினை அணைத்து, கண்ணாடியை இறக்கிவிட்டு அமைதியாக உட்கார்ந்திருங்கள்.

வறண்ட நிலம் பக்கத்தில் இருந்தால் அதையும் யோசியுங்கள். கோடையில் கால் வைக்க முடியாத இடங்களுக்குக் குளிர்காலம்தான் சீசன். அமெரிக்காவின் டெத் வேலியில் ஜூலைப் பகல் 45 டிகிரியைத் தாண்டும், டிசம்பர் பகல் இருபதை ஒட்டித்தான். ஆனால் ஈரமில்லாத காற்றும் மேகமில்லாத வானமும் வெப்பத்தைப் பிடித்துவைக்காது, பொழுது சாய்ந்ததும் குளிர் விறுவிறுவென்று இறங்கும். அமாவாசையை ஒட்டிப் போனால் அந்த வானமே தனிப் பயணத்துக்குச் சமம். கார்த்திகைக் கூட்டமும், செம்மையாக மின்னும் திருவாதிரையும் வெறுங்கண்ணுக்கே தெரியும். டிசம்பர் 13, 14 ஒட்டி ஜெமினிட் எரிகல் பொழிவும் உண்டு.

வெந்நீர் ஊற்றுகளையும் கேட்பீர்கள். நல்லதுதான், பத்து நிமிடம் போதும். இதயக் கோளாறோ இரத்த அழுத்தமோ இருப்பவர் மருத்துவரைக் கேட்டுவிட்டு இறங்கட்டும்.

உங்கள் வீட்டுக்கு என் தேர்வு இது: நடுச்சரிவில் ஒரே விடுதியில் இரண்டு இரவு, நடுவில் ஒரு பகல் மலைக்கு, திரும்பும்போது வேறு வழியாக, ஏரியையோ கடலையோ ஒட்டிய சாலையில். தினம் ஒரு ஊர் என்று மாற்றினால் பாதிப் பொழுது பெட்டி கட்டவே போகும்.

வண்டி விஷயத்தில் எனக்குப் பெரிய பயம் உறைபனி இல்லை, மூடுபனி. கங்கைச் சமவெளி, இத்தாலியின் போ சமவெளி, கலிபோர்னியாவின் மத்தியப் பள்ளத்தாக்கு எல்லாம் இதற்குப் பேர்போனவை. காற்றசைவில்லாத தெளிந்த இரவில், ஈரத் தரைக்கு மேல் இது உருவாகிறது. சூரியன் உதிக்கும் நேரத்தில்தான் மிக அடர்த்தி, வெயில் ஏறினால் கலையும். ஆகவே விடியற்காலை ஐந்து மணிக்குப் புறப்படும் கோடைப் பழக்கத்தை விட்டுவிடுங்கள். நடுவழியில் மாட்டிக்கொண்டால் விளக்கை டிம்மில் வையுங்கள், பிரைட் போட்டால் வெளிச்சம் பனித்துளிகளில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பும். சாலையின் ஓரக் கோட்டைப் பிடித்துப் போங்கள். நான்கு இண்டிகேட்டரையும் போட்டுக்கொண்டு ஓட்டாதீர்கள், நீங்கள் நிற்கிறீர்களா திரும்புகிறீர்களா என்று பின்னால் வருபவருக்குத் தெரியாது. பார்வை அறவே போனால் சாலையை விட்டு முழுமையாக விலகி நிறுத்துங்கள்.

கண்ணாடி உள்பக்கம் ஆவி படிந்தால் துணியால் துடைத்துக்கொண்டே ஓட்டுகிறார்கள். ஏசியைப் போடுங்கள். குளிரிலா என்று கேட்காதீர்கள், ஏசி காற்றின் ஈரத்தை எடுத்துவிடும். சூட்டையும் கூடவே வைத்து, வெளிக்காற்று உள்ளே வரும்படி ரீசர்குலேஷனை அணைத்தால் ஒரு நிமிடத்தில் தெளியும்.

டயரில் காற்று, வெப்பநிலை ஐந்தாறு டிகிரி இறங்கினால் ஏறக்குறைய ஒரு பிஎஸ்ஐ குறையும். புறப்படும் காலையில், டயர் சூடாகும் முன்பே சரிபாருங்கள். 7 டிகிரிக்குக் கீழே சாதாரண டயரின் ரப்பர் இறுகிப் பிடிப்பு குறையும். பனி பொழியும் பகுதி என்றால் அதற்குரிய டயர் வேண்டும், ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் பனி படிந்த சாலைக்கு அது சட்டப்படியே கட்டாயம். டேஷ்போர்டு வெப்பநிலை 3 டிகிரியைத் தொட்டாலே பாலங்களிலும் வெயில் படாத வளைவுகளிலும் கண்ணுக்குத் தெரியாத பனிக்கட்டி இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாலத்துக்கு மேலும் கீழும் குளிர் என்பதால் அதுதான் முதலில் உறையும். மலை இறக்கத்தில், ஏறும்போது எந்தக் கியரோ இறங்கும்போதும் அதே கியர். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் சூடேறிப் பிடிக்காமல் போகும்.

அத்தையை முன் இருக்கையில் உட்காரவைத்து, இருக்கையைப் பின்னுக்குத் தள்ளிக் காலை நீட்டவிடுங்கள். ஒன்றரை மணிக்கு ஒரு முறை நிறுத்தி ஐந்து நிமிடம் நடக்கட்டும். குளிரில் தாகம் தெரியாது, ஃபிளாஸ்க்கில் வெந்நீர் கொடுத்துக்கொண்டே இருங்கள். சர்க்கரை நோய் இருந்தால் காலில் வெந்நீர்ப் பை வைக்காதீர்கள், சுடுவதே தெரியாமல் புண்ணாகிவிடும்.

மகளுக்குத் தடித்த கோட்டைப் போட்டு அதன்மேல் பெல்ட்டை மாட்டாதீர்கள். மோதினால் கோட்டின் பஞ்சு அமுங்கி பெல்ட் தளர்ந்துவிடும். கோட்டைக் கழற்றி, பெல்ட்டை ஒட்ட மாட்டி, கோட்டைப் போர்வையாக மேலே போடுங்கள்.

விடுதிக்குப் போன் செய்யும்போது காலை உணவைப் பற்றி அப்புறம் கேளுங்கள். அறைக்கு வெயில் எத்தனை மணிக்கு வரும்? கடைசி இரண்டு கிலோமீட்டர் சாலை எப்படி, கார் வாசல்வரை வருமா? இரவில் சூட்டுக்கு என்ன வைத்திருக்கிறீர்கள்? கரி அடுப்போ கணப்புச் சட்டியோ கொடுப்போம் என்றால், மூடிய அறையில் அதன் கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் ஆளைக் கொன்றுவிடும். அந்த இடத்தை விட்டுவிட்டு அடுத்த நம்பருக்குப் போடுங்கள்.