மண்ணில் படுப்பது யார் வேலை?

அன்புள்ள ஐயா,

நாங்கள் ஜோகன்னஸ்பர்க் வந்து ஆறு வருடம் ஆகிறது. பையனுக்கு ஏழு வயது, பெண்ணுக்கு நாலு. ஜூலை விடுமுறையில் டிராக்கன்ஸ்பெர்க் மலைக்குப் போய், ராயல் நேட்டால் பூங்காவில் மூன்று இரவு கூடாரம் போட்டுத் தங்கலாம் என்று நானும் கணவரும் நினைக்கிறோம். துகேலா பள்ளத்தாக்கு நடையையும் ஒரே நாளில் முடித்துவிட ஆசை. எங்களோடு இருக்கும் மாமியார், "பச்சப்புள்ளையக் குளிர்ல கொண்டுபோய் மண்ணுல படுக்கப் போடுறது வெள்ளக்காரன் வேலை, நமக்கு எதுக்கு?" என்கிறார். எனக்கும் பாம்பு, பபூன் குரங்கு என்று பயம்தான். நாலு வயதுக் குழந்தையைக் கூட்டிப்போகலாமா? கூடாரமா, அறையா?

வி., ஜோகன்னஸ்பர்க்

அன்புள்ள வி.,

கூட்டிப்போகலாம். ஜூலை என்றால் அறை எடுங்கள், ராத்திரி பூஜ்யத்துக்குக் கீழே போகும். கூடாரம்தான் வேண்டுமென்றால் ஏப்ரலில் போங்கள். ஜூலைக் குளிரில் பாம்பு அதிகம் நடமாடாது. பபூனுக்கு உங்கள் குழந்தை வேண்டாம், ரொட்டிதான் வேண்டும். சாப்பாட்டைக் காருக்குள் வைத்துப் பூட்டுங்கள். சரி, நீங்கள் கேட்டதற்குப் பதில் முடிந்தது.

உங்கள் கடிதம் வந்த வாரம் எங்கள் தெருவில் ஒரு சாவு. பக்கத்து வீட்டுப் பெரியவர், தொண்ணூறைத் தாண்டியவர். கரும்புத் தோட்டத்துக்குக் கூலியாக வந்தவரின் பேரன். டர்பனின் கேட்டோ மேனரில் பிறந்து, அங்கிருந்து நிறவெறி அரசால் கிளப்பப்பட்டு, இந்தியருக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வொர்த்தில் கொண்டுவந்து போடப்பட்ட குடும்பம். சாவு வீட்டில் மேசைமேல் பரப்பியிருந்த படங்களில் ஒன்று நான் எடுத்தது. கூடாரத்துக்கு முன்னால் மடக்கு நாற்காலியில் அவர், மடியில் என் மகள், இரண்டு பேருக்கும் ஒரே கம்பளி. அதைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தால் உங்கள் மாமியாரின் 'வெள்ளக்காரன் வேலை'! அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அதை எழுதிவிட்டு, அதுவும் ஒரு வாதம்தான் என்று பாதி நம்பிக் கேட்கிறீர்களே, அந்தக் கோபம் உங்கள்மேல்.

தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறவர்கள் எங்கே படுக்கிறார்கள்? இடுப்பில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நாள்கணக்கில் நடந்து, ரோட்டோரப் புளியமரத்தடியில் துண்டை விரித்துப் படுப்பதற்கு என்ன பெயர்? ஆறுபடை வீட்டில் ஒன்றுக்குக் குன்றுதோறாடல் என்றே பெயர் வைத்திருக்கிறோம். அப்புறம் ஒரு மலையைப் பார்த்ததும் அது வெள்ளைக்காரனுடையதா? அந்த மலையின் பாறை நிழல்களில் இந்த மண்ணின் ஆதிக்குடிகளான சான் மக்கள் பிள்ளைகுட்டிகளோடு ஆயிரக்கணக்கான வருடம் படுத்து எழுந்திருக்கிறார்கள். அவர்கள் வரைந்த எலாண்டு மான்கள் இன்னும் பாறையில் நிற்கின்றன. வெள்ளைக்காரன் நேற்று வந்தவன்.

நம் ஆட்களும் இங்கே வெளியில் படுத்தவர்கள்தான். ஜூன், ஜூலையில் சார்டின் மீன் கரையோரம் வரும்போது பெரியவரின் குடும்பம் மொத்தமும் லாரி ஏறிக் கடற்கரைக்குப் போகுமாம், தங்களுக்கென்று ஒதுக்கிய மணலுக்கு. லாரியோடு சேர்த்துத் தார்ப்பாய் கட்டி, அண்டாவில் பிரியாணி இறக்கி (டர்பன் பிரியாணியில் மைசூர்ப் பருப்பு போடுவார்கள், மாமியாரிடம் சொல்லிவிடாதீர்கள்) இரண்டு ராத்திரி அங்கேயே. அதெல்லாம் மண்ணில் படுப்பது இல்லாமல் வேறென்ன?

மலைக்கு மட்டும் போகவில்லை. ஏன் என்று நினைக்கிறீர்கள்? பழக்கமில்லாமலா? 1953-இல் வந்த தனி வசதிகள் சட்டம் பெஞ்சையும் கடலையும்கூட நிறம் பார்த்துப் பிரித்தது. அதை நீக்கியது 1990-இல். நீங்கள் வரும் வழியில் ஹாரிஸ்மித்தில் காப்பிக்கு நிறுத்துவீர்கள் இல்லையா? அது ஃப்ரீ ஸ்டேட் மாகாணம். இந்தியர் அங்கே குடியிருக்கக் கூடாது என்று 1891-இல் ஒரு சட்டம் போட்டார்கள், அது 1986 வரை இருந்தது. டர்பன்காரர் அந்த வழியாகக் கடந்து போகலாம், ராத்தங்கக் கூடாது. விடியற்காலையில் கிளம்பி, போத்தலில் டீ, பொட்டலத்தில் ரொட்டியும் கறியும் கட்டிக்கொண்டு, பிள்ளைகளைப் பின்சீட்டில் படுக்கப் போட்டு ஒரே ஓட்டாக ஓட்டிக் கடப்பார்கள் என்று பெரியவர் சொல்வார். ஒருவனை இத்தனை வருடம் வாசலில் நிற்கவைத்துவிட்டு, அவனுக்கு உள்ளே வருகிற வழக்கமே இல்லை என்று சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மாமியாரிடம் இதைச் சொல்லுங்கள், கத்தாமல். அவர் ஊரிலிருந்து வந்தவர், இந்தக் கதை அவருக்கு எப்படித் தெரியும்?

அப்புறம், துகேலா பள்ளத்தாக்கு. அதற்குத் தனியாகத் திட்ட வேண்டும். போக வர 14 கிலோமீட்டர். கடைசியில் பாறைக்குப் பாறை தாவி, ஏணியும் ஏற வேண்டும். நாலு வயதுப் பெண்ணை வைத்துக்கொண்டு 'முடித்துவிட' ஆசையா? முடிப்பதற்கு அது என்ன பரீட்சையா? இந்த முட்டாள்தனத்தை நான் ஏற்கெனவே செய்துவிட்டேன். 2004 ஜூலை, மகளுக்கு ஐந்து வயது. பத்து மணிக்கே உட்கார்ந்துவிட்டாள். விடாமல் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தேன். அவள் அழ, நான் அதட்ட, பாதியில் திரும்பினோம். 948 மீட்டர் துகேலா அருவி, ஐந்து தாவலாக விழுவது, குளிர்காலத்தில் தூரத்துப் பாறைச்சுவரில் ஒரு கோடு மாதிரித் தெரிந்தது. அவள் அதையும் பார்க்கவில்லை, தூங்கிவிட்டாள்.

அதற்கு முந்தின நாள்தான் நல்ல நாள். மஹாய் ஓடையை ஒட்டிய சின்னப் பாதை, பெரியவர்கள் போனால் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். எங்களுக்கு ஒரு காலைப்பொழுது முழுக்க ஆனது. அவள் இலையைத் தண்ணீரில் விட்டுவிட்டு, அது கல்லில் மாட்டுகிற இடத்துக்கு ஓடி, எடுத்து மறுபடி மேலிருந்து விடுவாள். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கூட வந்த பெரியவர் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து அவளுக்கு இலை பொறுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். எழுபது வயதில் அந்த மலையை அப்போதுதான் முதல்முறை பார்க்கிறார்.

மறுநாள் விடியும்போது கூடாரத் துணிமேல் உறைபனி, உப்புத் தூவின மாதிரி. பெரியவர் அதை விரலால் வழித்து நாக்கில் வைத்துப் பார்த்தார். என் மகளும் வைத்துப் பார்த்தாள். இப்போது கேட்டால் அருவி, குகை எதுவும் நினைவில்லை என்கிறாள், "தாத்தா ஐஸ் நக்கினார்" மட்டும் இருக்கிறது.

எனக்கு நினைவிருப்பது அதற்கு முந்தைய ராத்திரி. கண் விழித்துப் பார்த்தால் அவர் படுக்கையில் இல்லை. வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், தலையில் மஃப்ளர். தூங்கலையா என்றேன். "யாராச்சும் வந்து கேட்டா?" என்றார். கம்பளிக்குள்ளிருந்து ஒரு காகிதத்தை எடுத்துக் காட்டினார். இடம் பதிவு செய்த ரசீது. சாயங்காலம் காரில் என்னிடமிருந்து வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டிருக்கிறார். யாரும் கேட்க மாட்டார்கள் என்றேன். "தெரியும், நீ போய்ப் படு" என்றார்.

மாமியாரையும் கூட்டிக்கொண்டு போங்கள், வி. சாய்வு வைத்த நாற்காலியாகப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.