வருகைப் பதிவேட்டிலிருந்து ஒரு முனைவர் பட்டம்

அன்புள்ள ஐயா,

நான் ராமநாதபுரம் மாவட்டத்தில் ஒரு கல்வியியல் கல்லூரியில் வேலை செய்கிறேன். பணியில் இருக்கும் ஆசிரியர்கள், தலைமையாசிரியர்கள், வட்டாரக் கல்வி அலுவலர்களுக்கென்று ஒரு முனைவர் பட்டத் திட்டம் வகுக்க எங்களில் சிலரிடம் சொல்லியிருக்கிறார்கள். முதல் வரைவில் ஆறு தாள்கள், பிறகு தலைப்புப் பதிவு, பிறகு ஐந்து அத்தியாய ஆய்வேடு என்று போட்டிருக்கிறோம். குழுவில் ஒரு தரப்பு, ‘இது வழக்கமான பிஎச்.டி.தானே, புதிதாக என்ன இருக்கிறது?’ என்கிறது. இன்னொரு தரப்பு, ‘வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்கள், கொஞ்சம் தளர்த்திக் கொடுப்போம்’ என்கிறது. நீங்கள் இந்தக் கடற்கரைப் பள்ளிகளில் பாடம் நடத்தியவர். உங்களுக்கு என்ன தோன்றுகிறது?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள டீச்சர்,

உங்கள் குழுவின் இரண்டு தரப்பும் பிஎச்.டி.யைத்தான் அளவுகோலாக வைத்திருக்கின்றன. ஒருவர் முழு அளவு கேட்கிறார், இன்னொருவர் முக்கால் அளவு போதும் என்கிறார். இந்தச் சண்டை அமெரிக்காவில் நூறு வருடப் பழசு. ஹார்வர்ட் 1920இல் எட்.டி. என்று கல்வித் துறைக்கே ஒரு முனைவர் பட்டத்தைத் தொடங்கியது. அப்புறம் பல பல்கலைக்கழகங்களுக்குப் பரவியது. போகப் போக எட்.டி.க்கும் பிஎச்.டி.க்கும் என்ன வேறுபாடு என்று நடத்துகிறவர்களாலேயே சொல்ல முடியவில்லை. கல்வியியல் அறிஞர் லீ ஷுல்மனும் அவரது சகாக்களும் 2006இல் இதைப் போட்டு உடைத்து எழுதினார்கள். அடுத்த வருடமே, கற்பித்தலை மேம்படுத்தவென்று இருக்கும் கார்னகி அறக்கட்டளையின் முயற்சியில் பல பல்கலைக்கழகங்கள் எட்.டி.யை மறுபடி வகுக்க உட்கார்ந்தன. ஹார்வர்ட் 2010இல் கல்வித் தலைமைக்கென்று தனிப் பட்டம் ஒன்றைத் தொடங்கியது. அதில் மூன்றாவது வருடம் முழுக்க ஏதாவது ஒரு கல்வி அமைப்புக்குள் போய் வேலை செய்ய வேண்டும். பழைய எட்.டி.யை அப்புறம் நிறுத்திவிட்டார்கள்.

கார்னகி முயற்சியிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றே ஒன்று என்பேன். மாணவர் தலைப்போடு வர வேண்டாம். தன் வேலையில் தீராமல் கிடக்கும் ஒரு சிக்கலோடு வரட்டும். ஆய்வேடு அந்தச் சிக்கலைப் பற்றியதாகவே இருக்கட்டும். உங்கள் வரைவில் தலைப்பு இரண்டாம் வருடம் வருகிறது. என்னைக் கேட்டால் அந்தச் சிக்கல்தான் அனுமதித் தேர்வே.

நம் கரையில் அந்தச் சிக்கல் எப்படி இருக்கும்? பாம்பன் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியை என்று வைத்துக்கொள்வோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. ஜூனில் பள்ளி திறக்கும்போது எட்டாம் வகுப்பு நிறைந்திருக்கிறது. விசைப்படகுகள் கடலுக்குப் போகத் தொடங்கியதும் பையன்களில் சிலரைக் காணோம். மாதத்தில் சில நாட்கள் பெண் பிள்ளைகளும் வருவதில்லை. அந்த நாட்களைக் காலண்டரில் குறித்துப் பார்த்தால் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டியே வருகின்றன. தீவுகளுக்குக் கடற்பாசி எடுக்கத் தாய்மார்கள் போவது அந்த நீரோட்டத்தைப் பார்த்துத்தான். அம்மா கடலுக்குப் போனால் தம்பியை யார் பார்ப்பது? பதிவேட்டில் இருப்பதோ ‘வரவில்லை’ என்ற குறி மட்டும். பள்ளி விவரங்களை ஏற்றும் எமிஸ் தளத்திலும் அதேதான். ராமநாதபுரம் 2018 முதல் மத்திய அரசின் ‘முன்னேற விழையும் மாவட்டங்கள்’ பட்டியலில் இருக்கிறது. அந்தத் தரவரிசையில் கல்விக்கு மட்டும் 30 விழுக்காடு எடை. இவ்வளவு எண்கள் மேலே போகின்றன, ஒரு மாதத்தில் எந்தெந்த நாள் பிள்ளைகள் வரவில்லை, ஏன் என்று இந்த அம்மாவிடம் கேட்க யாருமில்லை. மூன்று வருடப் பதிவேடு, படகு போன நாட்கள், நீரோட்ட நாட்கள் இவற்றை அவர் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். பால்வாடி நேரத்தை மாற்றினால் அக்காமார்கள் பள்ளிக்கு வருவார்களா என்று ஒரு வருடம் செய்து பார்க்கட்டும். வரவில்லை என்றாலும் அது ஆய்வுதான். இதற்கு முனைவர் பட்டம் கொடுக்க எனக்குத் தயக்கமே இல்லை.

இந்திய ஆய்வேடுகளைச் சேர்த்து வைத்திருக்கும் சோத்கங்கா இணையதளத்தைத் திறந்து கல்வியியல் ஆய்வேடுகளைப் புரட்டிப் பாருங்கள். ‘ஆசிரியர்களின் பணி நிறைவுக்கும் மனப்பாங்குக்கும் உள்ள தொடர்பு’ மாதிரித் தலைப்புகள் எத்தனை! ஆண்-பெண், நகரம்-கிராமம், அரசு-தனியார் என்று பிரித்து, வினாநிரல் கொடுத்து, டி சோதனை என்ற புள்ளியியல் கணக்கைப் போட்டு, ‘குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை’ என்று முடியும். வேறுபாடு இருந்தாலும் யாருக்கு என்ன? உங்கள் ஆறு தாள்களில் புள்ளியியல் முதல் பருவத்தில் நிற்பது இதே பாதைக்குத்தான் வழி காட்டும். பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்காரும்போது புள்ளியியலைச் சொல்லிக்கொடுங்கள், தானாக ஏறும்.

விதிகளைப் பொறுத்தவரை பெரிய தடை இல்லை. பட்டத்துக்கு என்ன பெயர் வைப்பது என்பதைப் பல்கலைக்கழகத்தோடு பேசிக்கொள்ளுங்கள். பிஎச்.டி. என்றே வைத்தாலும் யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2022 விதிமுறைக்குள் இதைச் செய்யலாம். குறைந்தது 3 வருடம், அதிகபட்சம் 6, பெண்களுக்குக் கூடுதலாக 2. பாடநெறிக்குக் குறைந்தது 12 கிரெடிட். வேலை செய்யும் இடத்திலிருந்து தடையின்மைச் சான்று வாங்கினால் பகுதிநேரமாகச் செய்யலாம். தொலைநிலையில் கூடாது. ஆய்விதழில் கட்டுரை வந்தால்தான் ஆய்வேடு என்ற கட்டாயமும் இப்போது இல்லை, நல்லதாய்ப் போயிற்று. வகுப்பை ராமநாதபுரம் டவுனிலேயே வையுங்கள். ராமேஸ்வரத்திலிருந்து வருகிறவர்கள் சனிக்கிழமை காலை, பல்கலைக்கழகம் இருக்கும் காரைக்குடி வரை பஸ்ஸில் போய்த் திரும்பினால் ஞாயிற்றுக்கிழமை படுத்துத்தான் கிடப்பார்கள். மே மாதத்தில் இரண்டு வாரம் தொடர்ந்து நடத்துவது இன்னும் மேல். (தேர்தல் பணி வராத மே மாதமாகப் பார்த்து.)

உங்கள் வரைவில் சுத்தமாக இல்லாத ஒன்று இடமாறுதல். ஆய்வு பாதியில் இருக்கும்போது கலந்தாய்வில் டீச்சர் சாயல்குடிப் பக்கம் போய்விட்டால் என்ன செய்வது? வழக்கமான பிஎச்.டி.யில் இது ஒரு பிரச்சினையே இல்லை, வினாநிரலை எங்கும் கொடுக்கலாம். இங்கே ஆய்வே அந்தப் பள்ளியில்தான் இருக்கிறது. ஒரே சிக்கலை இரண்டு மூன்று பள்ளிகளில் எடுத்துக்கொள்ளும் குழுவாகச் சேருங்கள். ஒருவர் மாறிப் போனாலும் மற்றவர்கள் தரவைச் சேகரிப்பார்கள். ஆய்வேட்டை மட்டும் தனித்தனியாக எழுதட்டும்.

இன்னொன்று, தன் வகுப்புப் பிள்ளைகளையே ஆராயும் ஆசிரியரின் அதிகாரம். அப்பா இலங்கைச் சிறையில் இருக்கும் பையனிடம் டீச்சர் கேட்டால் அவன் ‘சொல்ல மாட்டேன்’ என்பானா? பெற்றோரின் கையெழுத்து வாங்கிவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். பேட்டியை வேறு பள்ளி ஆசிரியர் எடுக்கட்டும். மேலே சொன்ன குழு இதற்கும் உதவும். ஆய்வேட்டில் ஊரை ‘கிராமம் அ’ என்று போட்டு மறைக்கவும் முடியாது. இரண்டு படகுத்துறை, ஒரு சர்ச், பாலத்திலிருந்து இத்தனை தூரம் என்று எழுதினால் மாவட்டத்தில் எல்லோருக்கும் எந்த ஊர் என்று தெரிந்துவிடும். அடையாளம் தரும் விவரங்களை எந்த அளவுக்கு எழுதலாம் என்பதை முதல் வருடமே முழு நாள் உட்கார்ந்து பேசுங்கள். ஆறு தாள்களில் ஒன்றை எடுத்துவிட்டு இதை வைத்தாலும் சரி.

அப்புறம் வழிகாட்டி. 2022 விதிப்படி பேராசிரியர் ஒரு நேரத்தில் 8 பேரையும் இணைப் பேராசிரியர் 6 பேரையும் உதவிப் பேராசிரியர் 4 பேரையும் வைத்துக்கொள்ளலாம். உங்களிடம் தகுதியுள்ளவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிவிட்டுச் சேர்க்கை எண்ணிக்கையைப் போடுங்கள், மாறாக அல்ல. முப்பது வருடம் மண்டபத்தில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவருக்குப் பிஎச்.டி. இல்லை என்றால் அவர் வழிகாட்டியாக முடியாது. ஆனால் கள ஆலோசகர் என்று கல்லூரி அளவில் ஓர் இடம் கொடுத்து, வருடத்தில் இரண்டு முறை எல்லா மாணவர்களும் அவர் முன் வந்து பேச வேண்டும் என்று எழுதிவையுங்கள். வாய்மொழித் தேர்வுக்குப் பள்ளி மேலாண்மைக் குழுப் பெற்றோரையும் கூப்பிடுங்கள். மதிப்பெண் போடுவது தேர்வாளர் வேலை, அதில் அவர்களை இழுக்க வேண்டாம். கேள்வி கேட்கட்டும். ‘எங்க பிள்ளைங்களுக்கு இதனால என்ன மாறுச்சு?’ என்பதற்கு மாணவர் அந்த மேடையில் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

‘தளர்த்திக் கொடுப்போம்’ என்கிற நண்பரிடம் இந்த வாய்மொழித் தேர்வை முதலில் சொல்லிப் பாருங்கள். வரைவைத் திருத்தியதும், வழிகாட்டிகள் பட்டியலோடு அனுப்பி வையுங்கள்.