‘ஜஸ்ட்’ என்ற ஒரே சொல்: கேள்வி பதில்

கேள்வி: ‘ஜஸ்ட்’ என்றால் ‘இப்போதுதான்’ என்று படித்தேன். ‘ஐ ஜஸ்ட் வான்ட் டீ’ என்பதற்கு அந்தப் பொருள் ஒட்டவில்லையே?

பதில்: ஒட்டாது. அங்கே அது ‘மட்டும்’. டீ போதும், வேறு எதுவும் வேண்டாம் என்கிறார். நம் ‘தான்’ இருக்கிறதே, அதை நினைத்துப் பாருங்கள். ‘இப்பதான் வந்தேன்’ என்கிறோம், ‘பத்து ரூபாய்தான் இருக்கு’ என்கிறோம், ‘அதைத்தான் நானும் சொன்னேன்’ என்கிறோம். முதலாவது நேரம், அடுத்தது குறைந்த அளவு, மூன்றாவது அச்சு அசலாக அதே. மூன்றுக்கும் ‘ஜஸ்ட்’ பொருந்தும்: ‘ஐ ஹேவ் ஜஸ்ட் கம்’, ‘ஐ ஹேவ் ஜஸ்ட் டென் ருபீஸ்’, ‘தட்ஸ் ஜஸ்ட் வாட் ஐ செட்’. தமிழ் பேசுகிறவருக்கு இதைவிட நல்ல பிடி கிடையாது. ஆனால் ‘தான்’ வரும் இடமெல்லாம் போட்டுவிடாதீர்கள். ‘அவர்தான் எங்கள் ஆசிரியர்’ என்பதை ‘ஹி இஸ் ஜஸ்ட் அவர் (our) டீச்சர்’ என்றால், ‘வெறும் ஆசிரியர், அவ்வளவுதான்’ என்று ஆகிவிடும். பாவம், பெருமையாகச் சொல்ல வந்து மனிதரைக் குறைத்துவிடுவோம்.

கேள்வி: ‘ஜஸ்ட் பாஸ்’ என்கிறோமே, சரியா?

பதில்: பொருள் சரிதான். பத்தாம் வகுப்பில் 35 எடுத்தால் தேர்ச்சி. அந்த 35-ல் தப்பியவர் ‘ஜஸ்ட் பாஸ்’. முழு வாக்கியமாக ‘ஹி ஜஸ்ட் பாஸ்ட்’ என்று எழுதினால் மட்டும், ‘இப்போதுதான் தேறினான்’ என்றும் படிக்க இடமுண்டு. ‘ஜஸ்ட்’ இடத்தில் ‘பேர்லி’ (barely, மயிரிழையில்) போட்டால் சந்தேகமே வராது.

கேள்வி: ‘ஐ ஜஸ்ட் ஏட்’, ‘ஐ ஹேவ் ஜஸ்ட் ஈட்டன்’, எது சரி?

பதில்: இரண்டும். முதலாவது அமெரிக்கர்களிடம் அதிகம், இரண்டாவது பிரிட்டிஷ் வழக்கு.

கேள்வி: தென்னாப்பிரிக்க வாடிக்கையாளர் ‘ஜஸ்ட் நவ்’ அனுப்புகிறேன் என்றார். ஒரு மணி நேரம் ஆகியும் வரவில்லை.

பதில்: அவர் ஏமாற்றவில்லை. அந்த ஊரில் ‘ஜஸ்ட் நவ்’ என்றால் ‘அப்புறமா, கொஞ்ச நேரம் கழிச்சு’.

கேள்வி: ‘நாட்’ முன்னால் வருவதா, பின்னால் வருவதா?

பதில்: இடம் மாறினால் பேச்சே மாறும். ‘இட்ஸ் நாட் ஜஸ்ட் எக்ஸ்பென்சிவ்’ என்றால் விலை அதிகம், அதோடு இன்னொன்றும் சொல்ல வருகிறார். ‘இட்ஸ் ஜஸ்ட் நாட் எக்ஸ்பென்சிவ்’ என்றால் விலை அதிகமே இல்லை.

கேள்வி: மரியாதைக்காக ‘ஜஸ்ட் சைன் ஹியர்’ என்கிறேன். சிலர் முகம் சுளிக்கிறார்கள்.

பதில்: நீங்கள் ‘கொஞ்சம்’ என்ற நினைப்பில் சொல்கிறீர்கள். கேட்பவர் காதில் அது ‘பேசாமல் கையெழுத்தைப் போடு’ என்று விழலாம். ஏவலில் ‘ஜஸ்ட்’ வந்தால் பொறுமை இழந்த குரலாகிவிடுவதுண்டு. ‘ஜஸ்ட் எ மினிட்’ போன்றவை பழகிப்போனதால் உறுத்தாது. ‘குட் யூ ஜஸ்ட் சைன் ஹியர்?’ என்று கேட்டுப் பாருங்கள். அதே சொல் குழைந்து, ‘இங்கே ஒரு கையெழுத்து போட்டுடுங்களேன்’ ஆகிவிடும்.