ஓட்டுக்குத் திரை, நன்கொடைக்கு வெளிச்சம்

வணக்கம் ஐயா,

தேர்தலுக்கு இரண்டு நாள் முன்பு வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் தெருவில் வீடு வீடாகப் பணம் கொடுத்தார்கள். வாங்காவிட்டால் எதிர்க்கட்சி வீடு என்று குறித்துக்கொள்வார்களோ என்று வீட்டில் பயந்தார்கள். வாங்கிவிட்டோம். இப்போது வார்டு பொறுப்பாளர், “உங்க பூத்துல எங்களுக்கு எத்தனை விழுந்துச்சுன்னு கையில இருக்கு” என்று சொல்லிக்கொண்டு திரிகிறார். நான் கடை நடத்துகிறவன், இவர்களைப் பகைத்துக்கொள்ள முடியாது. யாருக்குப் போட்டேன் என்று அவர்களால் உண்மையிலேயே கண்டுபிடிக்க முடியுமா? தேர்தல் பத்திரத்தை உச்ச நீதிமன்றம் ரத்து செய்த பிறகாவது, கட்சிகளுக்கு யார் பணம் தருகிறார்கள் என்று எங்களைப் போன்றவர்கள் பார்க்க வழி உண்டா? என் பெயரை வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் ஓட்டை யாராலும் கண்டுபிடிக்க முடியாது. நீங்கள் வந்து வாக்களித்தீர்கள் என்பது மட்டும்தான் வாக்குச்சாவடியில் உள்ள 17ஏ பதிவேட்டில் இருக்கும். பொத்தானை அழுத்தியதும், யாருக்குப் போட்டீர்கள் என்று அச்சிட்டுக் காட்டும் விவிபேட் சீட்டு கண்ணாடிக்குப் பின்னால் 7 விநாடி தெரிந்துவிட்டுப் பெட்டிக்குள் விழுந்துவிடும். அந்த 7 விநாடியும் மறைப்புக்குள் நிற்பது நீங்கள் மட்டும்தான். வாக்கின் ரகசியத்தை வெளியே விடும் அலுவலருக்கு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 128ஆம் பிரிவின்படி தண்டனை உண்டு. இதை வீட்டிலும் சொல்லுங்கள்.

ஆனால் வார்டு பொறுப்பாளர் சொன்னதும் முழுப் பொய்யில்லை. எண்ணிக்கை முடிந்ததும் படிவம் 20 என்று ஒன்று வெளியாகும். ஒவ்வொரு வாக்குச்சாவடியிலும் ஒவ்வொரு வேட்பாளருக்கும் விழுந்த ஓட்டு அதில் வரிசையாக இருக்கும், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஒரு பூத்தில் 1,000 ஓட்டு, அதில் 750 பதிவாகியிருக்கிறது, 500 பேருக்குப் பணம் போயிருக்கிறது, கட்சிக்கு விழுந்தது 210 என்று வையுங்கள். பணம் வாங்கியும் போடாமல் விட்ட குறைந்தது 290 பேர் யார் என்று அவருக்குத் தெரியாது. எந்த மூன்று நான்கு தெரு என்பது மட்டும் தெரியும். அந்த அரைகுறைத் தகவலை முழுத் தகவல்போலக் காட்டித்தான் மிரட்டுகிறார்கள். அடுத்த ஐந்து வருடம் அந்தத் தெருக்களுக்குக் குடிநீர்க் குழாய் வருமா, சாலை வருமா என்ற பயம் அங்கிருந்துதான் பிறக்கிறது. பட்டுவாடாப் பணம் வேலை செய்வதும் இந்தப் பயத்தின் மேல் ஏறித்தான்.

இதற்கு மாற்று இருக்கிறது. வாக்குச்சீட்டு இருந்த காலத்தில் பல சாவடிகளின் சீட்டுகளை ஒன்றாகக் கலந்து எண்ண விதியில் இடம் இருந்தது. மின்னணு இயந்திரம் வந்ததும் அந்தப் பாதுகாப்பு போய்விட்டது. 14 இயந்திரங்களின் ஓட்டைச் சேர்த்து ஒரே கூட்டுத்தொகையாகக் காட்டும் ‘டோட்டலைசர்’ கருவியைத் தேர்தல் ஆணையம் 2008இலேயே முன்மொழிந்தது. சட்ட ஆணையமும் 2015இல் தன் 255ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. மத்திய அரசு ஏற்கவில்லை. பண அரசியலைப் பற்றி மேடைகளில் எவ்வளவோ பேசுகிறோம், கோரிக்கைப் பட்டியலில் இந்தச் சின்னக் கருவியின் பெயர் வருவதே இல்லை என்பது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

இன்னொரு பயத்தையும் சொல்லியாக வேண்டும். பணம் கொடுப்பது மட்டுமல்ல, வாங்குவதும் குற்றம். இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 170ஆம் பிரிவு இரண்டையும் லஞ்சம் என்கிறது. 173ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். கொடுத்தவனைக் காட்டிக்கொடுத்தால் நாமும் மாட்டுவோமே என்று எல்லோரும் வாயை மூடிக்கொள்கிறார்கள். வாங்காதவர்தான் துணிந்து புகார் செய்ய முடியும். அவருக்குத் தேர்தல் ஆணையத்தின் சி-விஜில் என்ற புகார்ச் செயலி உண்டு. பெயர் தராமலும் அனுப்பலாம். ஆனால் படமோ காணொளியோ செயலிக்குள்ளேயே எடுத்து ஐந்து நிமிடத்துக்குள் ஏற்ற வேண்டும். ஏற்கெனவே போனில் எடுத்து வைத்த படத்தை அது ஏற்காது. பலரின் புகார் நின்றுபோவது இங்கேதான். நடத்தை விதிமுறை அமலில் இருக்கும் நாட்களில் மட்டும்தான் செயலி இயங்கும், நடவடிக்கைக்கு 100 நிமிடம் இலக்கு. பெரிய தொகை ஓரிடத்தில் இருக்கும்போது பிடிப்பது எளிது. 2019இல் வேலூர் மக்களவைத் தேர்தலை ரத்து செய்ய வைத்தது வார்டு வாரியாகப் பிரித்துக் கட்டி வைத்திருந்த 11 கோடிக்கு மேற்பட்ட பணம். அது தெருவுக்கு இறங்கிவிட்டால் ஆளுக்கு 50,000 ரூபாய்க்குக் கீழே பிரித்துக் கொண்டுபோவார்கள். ஆவணமில்லாமல் அதற்கு மேல் வைத்திருந்தால்தானே பறக்கும் படை பறிமுதல் செய்யும்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. ஸ்டேட் வங்கியில் பணம் கட்டி வாங்கி, பெயர் வெளியே தெரியாமல் கட்சிக்குக் கொடுக்கும் பத்திரம்தான் தேர்தல் பத்திரம். அதற்கு அரசு சொன்ன நியாயமும் பயம்தான். ஒரு கட்சிக்குக் கொடுத்தது தெரிந்தால் இன்னொரு கட்சி பழிவாங்கும், அதனால் கொடுப்பவர் பெயர் மறைவாக இருக்கட்டும் என்றார்கள். ஆனால் பத்திரத்தில் கண்ணுக்குத் தெரியாத, புற ஊதா ஒளியில் மட்டும் தெரிகிற ஓர் எண் இருந்தது. வாங்கியவர் விவரம் ஸ்டேட் வங்கியிடம் இருந்தது. குற்ற வழக்குப் பதிவானால் விசாரணை அமைப்புகள் அதைக் கேட்டுப் பெறலாம் என்று திட்டத்திலேயே எழுதியிருந்தது. ஆக, மறைவு ஓட்டுப் போடுகிறவரிடமிருந்து மட்டும்தான், அதிகாரத்தில் இருப்பவரிடமிருந்து அல்ல. 2024 பிப்ரவரி 15 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு திட்டத்தையே செல்லாது என்றது. வங்கி ஜூன் 30 வரை அவகாசம் கேட்டது, நீதிமன்றம் மறுத்தது, அடுத்த சில நாட்களில் பட்டியல் வெளிவந்தது. பத்திரங்களை அதிகம் விலைக்கு வாங்கியது ஃப்யூச்சர் கேமிங் என்ற லாட்டரி நிறுவனம், 1,368 கோடி. அதில் 509 கோடி தனக்கு வந்ததாகத் திமுகவே ஆணையத்திடம் தெரிவித்திருந்தது. 2019 ஏப்ரலுக்குப் பிறகு பாஜக பணமாக்கிய பத்திரங்கள் ஏறத்தாழ 6,060 கோடி. ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி என்ற பேதமில்லாமல் பெரும்பாலான பெரிய கட்சிகள் இதில் இருந்தன.

என் கருத்து இதுதான். ஓட்டு மறைவாகவும் நன்கொடை வெளிச்சத்திலும் இருக்க வேண்டும். நம்மிடம் ஓட்டு பூத் வரைக்கும் திறந்துகிடக்கிறது, நன்கொடை மூடிக்கிடக்கிறது. அப்படியானால் நிறுவனங்கள் கொடுப்பதையே தடை செய்துவிடலாமே என்று சிலர் கேட்கிறார்கள். 1969இல் அதையும் செய்தார்கள். பணம் நிற்கவில்லை, காசோலையிலிருந்து கறுப்புப் பணத்துக்கு மாறியது. 1985இல் தடையை எடுத்தார்கள்.

பத்திரம் போன பிறகு நீங்கள் பார்க்கக்கூடியவை இரண்டு. ஒன்று, ஒவ்வொரு கட்சியும் ஆண்டுதோறும் ஆணையத்துக்குத் தரும் நன்கொடை அறிக்கை, படிவம் 24ஏ. ஆணையத்தின் இணையதளத்திலேயே கிடைக்கும். 20,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தவரின் பெயர், முகவரி, பான் எண், தொகை, கொடுத்த முறை எல்லாம் அதில் இருக்க வேண்டும். முதலில் பான் பத்தி காலியாக இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு அதே ஆண்டின் தணிக்கை அறிக்கையை எடுத்து, மொத்த நன்கொடையிலிருந்து 24ஏ கூட்டுத்தொகையைக் கழியுங்கள். மிச்சம் நிற்பது பெயரில்லாத பணம். ரொக்கமாக 2,000க்கு மேல் வாங்கக் கூடாது என்று 2017இல் வருமான வரிச் சட்டத்தில் கொண்டுவந்தார்கள், ஆனால் பெயர் சொல்ல வேண்டிய வரம்பு 20,000லேயே நிற்கிறது. சிறு தொகைக் கூப்பன் விற்ற வசூல் என்று கணக்கில் வரும் பெருந்தொகை அந்த இடைவெளியில்தான் உட்கார்ந்திருக்கும்.

இரண்டாவது, தேர்தல் அறக்கட்டளைகள். நிறுவனங்களிடம் வாங்கி, அந்த ஆண்டு வரவில் 95 சதவீதத்தைக் கட்சிகளுக்குப் பிரித்துத் தர வேண்டும். கொடுத்தவர் பட்டியலும் பெற்றவர் பட்டியலும் வெளியாகும். ஆனால் பத்து நிறுவனங்களிடம் வாங்கி நான்கு கட்சிகளுக்குக் கொடுத்தால், யார் பணம் யாருக்குப் போனது என்பது கலந்துவிடும். நேராகக் கொடுக்கும் நிறுவனத்துக்கோ மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் 7.5 சதவீதம் என்ற உச்சவரம்பு அதே தீர்ப்பால் திரும்பி வந்துவிட்டது. நட்டத்தில் ஓடும் நிறுவனம் கோடிகளைக் கொடுக்கும் வழி அதனால் அடைபட்டது. தீர்ப்பில் அதிகம் பேசப்படாத நல்ல பகுதி அது.

உங்கள் தொகுதிக் கணக்கையும் பார்க்கலாம். பெரிய மாநிலங்களில் சட்டமன்ற வேட்பாளருக்குச் செலவு வரம்பு 40 லட்சம் என்று 2022இல் வைத்தார்கள். கட்சிக்கு வரம்பே இல்லை. கட்சி செய்த செலவும் வேட்பாளர் கணக்கில் சேரும் என்று 1974இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டிலேயே சட்டத்தைத் திருத்தி அதைக் கழற்றிவிட்டார்கள். முடிவு வந்த 30 நாளுக்குள் வேட்பாளர் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். அதன் பிறகு மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் 1 ரூபாய் கட்டணம் செலுத்தி எவரும் பார்வையிடலாம், தனிக் கட்டணத்தில் சான்றிட்ட நகலும் வாங்கலாம். வேட்பாளரின் செலவுப் பதிவேட்டில் வெள்ளைத் தாள் அன்றாடச் செலவு, இளஞ்சிவப்பு ரொக்கம், மஞ்சள் வங்கிக் கணக்கு. பட்டுவாடா அதில் இருக்காது. நீங்கள் வெள்ளைத் தாளில் கடைசி மூன்று நாளைப் பிரித்து வாகன வாடகையையும் பூத் ஏஜென்டுகளின் சாப்பாட்டுச் செலவையும் பாருங்கள். தொகுதியில் 300 சாவடி இருக்க, 80 பேருக்குச் சாப்பாடு என்று எழுதியிருந்தால் மீதி 220 சாவடிக்குக் கொடுத்தது யார் என்று எழுத்தில் கேளுங்கள். உங்கள் கடை இருக்கும் ஊரில் நீங்கள் தனியாகக் கேட்க வேண்டாம். நான்கைந்து பேர் கையெழுத்திட்டு, ஸ்பீடு போஸ்டில், சேர்ந்ததற்கான ஒப்புகையோடு அனுப்புங்கள்.

அன்புடன்