ஹாலோவீனுக்கு வாசிக்க நல்ல பேய்ப் புத்தகங்களை எப்படித் தேர்ந்தெடுப்பது?

இதே கேள்வியைப் போன வருடம் ரொறன்ரோவில் இருக்கிற என் அக்காவின் மகள் வாட்ஸ்அப்பில் கேட்டாள். "சித்தி, ஹாலோவீனுக்கு வாசிக்க ஒரு பேய்ப் புத்தகம் சொல்லுங்கோ. ஆனா உண்மையாப் பயமா இருக்கோணும்."

நான் இருப்பது இலங்கையில், முல்லைத்தீவு மாவட்டத்து முத்தையன்கட்டுக் குளத்துக்குக் கிட்ட. இங்கே ஹாலோவீன் கிடையாது, பூசணிக்காய் கறிக்கு மட்டும்தான். ஆனால் ஒக்டோபர் 31 என்றால் எங்களுக்கு ஐப்பசி நடு. மழை பிடித்து, இருந்தாற்போல் கரண்ட் போய், தவளைச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காத காலம். நவம்பர் 2 அன்று முல்லைத்தீவுக் கரையோரக் கத்தோலிக்கச் சனங்கள் கல்லறைகளில் மெழுகுதிரி ஏற்றுவார்கள். ஹாலோவீன் என்ற பெயரும் நவம்பர் 1 சகல புனிதர் திருநாளுக்கு முந்தின மாலை என்பதிலிருந்து வந்ததுதான். ஆகவே பேய்க்கதை வாசிக்க எங்களுக்கும் நாள் பொருந்தித்தான் வருகிறது.

சரி, எப்படித் தேர்ந்தெடுப்பது? அட்டைப் படத்தையும் "உலகின் பயங்கரமான 50 புத்தகங்கள்" மாதிரிப் பட்டியல்களையும் விடுங்கள். உங்களுக்கு எது பயம், எதைத் தாங்க மாட்டீர்கள் என்று இரண்டு விசயம் யோசியுங்கள். இரண்டும் ஒன்றில்லை. இரவில் படலையைத் திறக்கும்போது எனக்குப் பயம் யானைதான். பேய்க்கு விபூதி போதும், யானைக்கு வெடி வேண்டும். ஆனால் யானைப் பயத்தைத் தாங்குவேன், காலையில் அதைச் சொல்லிச் சிரிப்பேன். இரத்தமும் சதையுமாக எழுதிய புத்தகத்தைத் தாங்க மாட்டேன். 2009 போரைத் தாண்டி வந்தவளுக்கு அது கதையாக இறங்காது.

கலிங்கத்துப்பரணியை இருபது வயதில் சிரித்துச் சிரித்து வாசித்தவள் நான். தமிழில் பேய்களை இவ்வளவு ஆசையாகப் பாடிய புலவர் செயங்கொண்டார் போல் இன்னொருவர் இல்லை. பேய்கள் பசி தாங்காமல் காளியிடம் முறையிடும். போர் முடிந்ததும் களத்தில் இறங்கிக் கூழ் சமைக்கும். சமைக்க முதல் ஒழுங்காகப் பல் துலக்கவேண்டுமாம். யானைக் கொம்புதான் பல்லுக்குச்சி. செத்து விழுந்த யானையின் விலா எலும்பை எடுத்து நாக்கு வழிக்கவேண்டும். எழுதி எண்ணூறு, தொள்ளாயிரம் வருடம் ஆகியும் சிரிப்பு வருகிறது. ஆனால் அந்தக் கூழ் எதில் காய்ச்சுகிறார்கள் என்ற இடம் வந்ததும் இப்போது புத்தகத்தை மூடிவிடுகிறேன். நீங்கள் தாங்குவீர்கள் என்றால் கட்டாயம் வாசியுங்கள். மதுரைத் திட்டம் தளத்தில் இலவசமாகவே இருக்கிறது.

மணிமேகலையும் அங்கேயே கிடைக்கும். முழுக் காப்பியமும் வேண்டாம், சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதை மட்டும் போதும். பூம்புகாரின் சுடலையை அப்படியே கண்முன் கொண்டுவருகிற பகுதி. சுடுகிறவர்கள், சும்மா போட்டுவிட்டுப் போகிறவர்கள், குழி தோண்டிப் புதைக்கிறவர்கள், தாழியில் கவிக்கிறவர்கள் என்று ஒவ்வொரு சனமாகச் சொல்லிக்கொண்டு போவார் சாத்தனார். சார்ங்கலன் என்ற பொடியன் தனியே அதற்குள் போய்விடுகிறான். ஒரு பேய் தலையொன்றைக் கையில் ஏந்திக்கொண்டு சந்தோசத்தில் ஆடுவதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு ஓடிவந்து, தாயிடம் சொல்லிவிட்டுச் செத்துப்போகிறான். தாய் கோதமை பிள்ளையின் உடலைத் தூக்கிக்கொண்டு போய்த் தெய்வத்திடம் கேட்பாள்: என் உயிரை எடுத்துக்கொண்டு இவனைத் தா, கண் தெரியாத என் புருசனை இவன் பார்த்துக்கொள்வான். போன உயிரைத் திருப்ப முடியாது என்கிறது தெய்வம். அவள் விடமாட்டாள். அந்த வாக்குவாதம்தான் காதையின் உயிர். பேய் கொஞ்ச வரிதான் வரும்.

ஆங்கிலத்தில் வாசிக்கிறவர்களுக்கு டிராகுலாவை எல்லோரும் சொல்வார்கள். 1897இல் வந்தது. முதல் நாலு அத்தியாயம், கோட்டைக்குள் மாட்டுப்பட்டவனின் நாட்குறிப்பு, உண்மையிலேயே தூக்கத்தைக் கெடுக்கும். அதற்குப் பிறகு கொஞ்சம் இழுவை. என் பெறாமகளுக்கு நான் சொன்னது ஷெர்லி ஜாக்சன் 1959இல் எழுதிய 'தி ஹோண்டிங் ஒஃப் ஹில் ஹவுஸ்'. அதில் ஒருத்தி இருட்டில் பயந்து பக்கத்துக் கட்டிலில் படுத்திருக்கிற சிநேகிதியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருப்பாள். வெளிச்சம் வந்து பார்த்தால் சிநேகிதி அறையின் மறுபக்கத்தில் இருக்கிறாள். அவ்வளவுதான். ஒரு துளி இரத்தம் இல்லை. அதை வாசித்த இரவு நான் கையைப் போர்வைக்கு வெளியே விடவில்லை.

நம் நாட்டுப் பேய்தான் வேண்டும் என்றால் ஷெஹான் கருணாதிலக்கவின் 'த செவன் மூன்ஸ் ஒஃப் மாலி அல்மெய்டா' இருக்கிறது, 2022இல் புக்கர் பரிசு வாங்கியது. கதை நாயகனே செத்தவன், போர்ப் படங்கள் எடுத்தவன், தன்னைக் கொன்றது யார் என்று தேடுகிறான். செத்த பிறகும் ஒரு கந்தோரில் வரிசையில் நிற்கவேண்டியிருக்கிறது என்ற இடத்தில் அரசாங்க அலுவலுக்குக் கச்சேரிக்கு அலைந்தவர்கள் எல்லோருக்கும் சிரிப்பு வரும். ஆனால் உள்ளே பிணங்கள் நிறைய. நான் மூன்று மாதம் எடுத்தேன்.

தமிழில் ஒன்றே ஒன்று வாசிக்க நேரம் என்றால் புதுமைப்பித்தனின் 'காஞ்சனை'. வீட்டுக்கு வேலைக்காரியாக வந்து சேர்கிறவள் யார் என்று கடைசிவரை உறுதியாகச் சொல்லமாட்டார்.

இன்னொன்று, சத்தமாக வாசிக்கப் போகிறீர்கள் என்றால் கேட்கிறவர்கள் யார் என்றும் பாருங்கள். இதை நான் பிழை விட்டுத்தான் படித்தேன். போன ஐப்பசியில் கரண்ட் போன ஒரு இரவு, அக்கம்பக்கத்துச் சனம் நாலைந்து பேர் எங்கள் விறாந்தையில் இருந்தார்கள். லாம்பைக் கொளுத்தி வைத்துவிட்டு டபிள்யூ. டபிள்யூ. ஜேக்கப்ஸ் 1902இல் எழுதிய 'குரங்குக் கை' கதையைப் போனில் பார்த்துப் பார்த்துத் தமிழில் சொன்னேன். மூன்று வரம் தருகிற காய்ந்த குரங்குக் கை. முதல் வரம் இருநூறு பவுண் காசு. மகன் மெசினில் அகப்பட்டுச் செத்து, அதற்கு நட்டஈடாக அதே இருநூறு பவுண் வருகிறது. தாய் வற்புறுத்தித் தகப்பனை இரண்டாவது வரத்தில் மகனைத் திருப்பிக் கேட்க வைக்கிறாள். நடு இரவில் கதவு தட்டுப்படுகிறது. அவள் தாழ்ப்பாளை இழுக்க ஓடுகிறாள். மகன் எந்தக் கோலத்தில் வந்து நிற்கிறானோ என்று பயந்து தகப்பன் கடைசி வரத்தைக் கேட்டுவிடுகிறார். கதவைத் திறந்தால் வெறும் தெரு.

பொடியள் வாயைத் திறந்தபடி இருந்தார்கள். நல்லாய்ச் சொல்லிவிட்டேன் என்று எனக்குள் ஒரு பெருமை. அப்போது தூணோடு சாய்ந்திருந்த பக்கத்து வளவு அக்கா கேட்டா: "அந்த மனுசன் ஏன் அவசரப்பட்டவர்? எப்பிடி வந்தா என்ன, அவ திறந்து பாத்திருப்பாவே."

அவவின் மகனைப் பற்றி 2009க்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. எனக்கு அது தெரியும். கதையை எடுக்கும்போது நினைவில் வரவில்லை, அவ்வளவுதான். யாரோ எழும்பித் தேத்தண்ணி வைக்கப் போனார்கள். தவளைகள் கத்திக்கொண்டிருந்தன.

இந்த வருடம் மழை தொடங்கியதும் அக்காவே வந்து கேட்டா, "இந்த முறையும் ஏதும் வாசிப்பியோ?" என்று. வாசிப்பேன் என்றேன். "கதவு தட்டிற கதை வேண்டாம் பிள்ளை," என்றா.

அதனால் விக்கிரமாதித்தனும் வேதாளமும் எடுத்து வைத்திருக்கிறேன். முருங்கை மரம், தலைகீழாகத் தொங்குகிற பிணம், ஒவ்வொரு கதை முடிவிலும் ஒரு கேள்வி. பதில் சொல்லப் பொடியள் சண்டை பிடிப்பார்கள். ஒரு இரவுக்கு ஒரு கதை, நடுவில் கரண்ட் வந்துவிட்டால் நிறுத்திவிடலாம்.